ஆயில் பெயிண்டிங்கை ஒரே நாளில் முடிக்க முடியுமா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி கேட்டது. "அண்ணா, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் எனக்குக் கிடைப்பது நாலைந்து மணி நேரம்தான். ஆயில் பெயிண்ட் காயவே நாள்கணக்காகிறது. ஒரே நாளில் ஒரு சின்னப் படத்தை முடிக்க முடியுமா? நான் முயற்சி செய்தால் நிறமெல்லாம் கலங்கிச் சேறாகிவிடுகிறது" என்கிறார்.

முடியும்மா, தாராளமாக முடியும். வரைந்து முடிப்பது வேறு, காய்வது வேறு. வாட்டர் கலரில் தண்ணீர் ஆவியானதும் காய்ந்துவிடும். ஆயில் கலரில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாகாது. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகும். அதனால் காயட்டும் என்று காத்திருக்காமல், ஈரத்தின் மேலேயே வைத்து ஒரே அமர்வில் முடிக்கிற முறை ஒன்று இருக்கிறது. இத்தாலிய மொழியில் 'அல்லா பிரிமா' என்பார்கள். அமெரிக்காவில் டுவேன் கைசர் என்ற ஓவியர் 2004-இல் தினம் ஒரு படம் என்று ஆரம்பித்தாரே, அவையெல்லாம் கிட்டத்தட்ட போஸ்ட் கார்டு அளவுதான். நீங்களும் 6-க்கு 8 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

பொருளும் ஒன்று போதும். பிரெஞ்சு ஓவியர் எத்வார் மானே 1880-இல் ஓர் எலுமிச்சையை வரைந்தார். 14 சென்டிமீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் அகலம். கருந்தட்டில் ஒரே ஒரு பழம். இன்று பாரிஸில் ஓர்சே மியூசியத்தில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, சின்னப் படம்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, சேறாவது ஏன்? நிறத்தைப் பாலெட் என்கிற கலவைத் தட்டில் கலக்காமல் கேன்வாஸிலேயே தேய்த்துத் தேய்த்துத் தேடுகிறோம். அடியில் இருக்கும் ஈரமும் மேலே ஏறி வந்துவிடுகிறது. அதனால் படத்தில் கை வைக்கும் முன்பே கலவையை முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

ஓர் எலுமிச்சையை எவர்சில்வர் தட்டில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சம் படும் மஞ்சள், நடு மஞ்சள், நிழல் மஞ்சள் என்று மூன்று தெரியும். அப்புறம் இன்னும் கொஞ்சம் பாருங்கள். பழத்தின் அடியில், நிழலுக்குள்ளேயே, தட்டிலிருந்து மங்கலாக ஒரு வெளிச்சம் மேலே ஏறியிருக்கும். அது நாலாவது. நாலையும் தனித்தனியாகக் கலந்து வையுங்கள். நிழலுக்குக் கறுப்பைச் சேர்க்காதீர்கள். மஞ்சளில் கறுப்பு விழுந்தால் பச்சையாகத் திரும்பும், பழம் காய் மாதிரி தெரியும். எல்லோ ஆக்கர் என்கிற மண் மஞ்சளில் துளி ஊதா சேர்த்துப் பாருங்கள்.

ஜன்னல் வெளிச்சத்தை நம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும். அதனால் முதல் கோட்டிலேயே நிழலின் எல்லையைப் போட்டுவிடுங்கள், பிறகு அதை மாற்றாதீர்கள். இல்லையென்றால் டேபிள் லேம்ப் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோட்டைப் பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பில், டர்பன்டைன் விட்டு மெல்லியதாகப் போடுங்கள். கூடுதலாக இருக்கும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அதன்மேல் கெட்டியான கலவையை வைக்கும்போது ஒரு தீற்று வைத்தால் பிரஷ்ஷை எடுத்துவிட வேண்டும். துணியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தீற்று. அதே இடத்தில் மூன்றாவது தடவை போனால் அடி நிறம் கிளம்பிவிடும். தப்பாகிவிட்டதா? மேலே மேலே பூசாதீர்கள். பாலெட் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளைப் பளபளப்பை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக ஒரே ஒற்று.

முடித்த பிறகு ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

படத்தை இருட்டு அலமாரியில் பூட்டாதீர்கள், எண்ணெய் மஞ்சள் பாரிக்கும். காற்றோட்டமான சுவரில் சாய்த்து வையுங்கள். மெல்லிய இடங்கள் சில நாளில் தொடும் பதத்துக்கு வரும், கெட்டியான வெள்ளைக்கு வாரக்கணக்காகும். வார்னிஷ் அடிப்பதை ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் வீடு திரும்பும் முன்பே, ஈரத்தில் பிரஷ்ஷின் பின்முனையால் கீறிவிடுங்கள்.