காற்று சூடானால் இளகுமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: “வடைக்கு வைத்த எண்ணெய் காயக் காயத் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. காற்றும் சூடானால் அப்படித்தான் இளகுமா?”

இளகாது அக்கா. அதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. ஆனால் கனம் வேறு, பாகுநிலை, அதாவது ஓடவிடாமல் இழுக்கும் தன்மை, வேறு. முதலில் இதைப் பிரித்துக்கொள்வோம்.

கனம் சுலபம். நம் டர்பன் மாதிரிக் கடலோர ஊரில் ஒரு கனமீட்டர் காற்று 0 டிகிரியில் ஏறத்தாழ 1.29 கிலோ, 40 டிகிரியில் 1.13 கிலோதான். புனித வெள்ளியன்று அம்பிலோ கோயில் தீமிதிக்குப் போயிருப்பீர்கள். குழிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் முகம் நெளிந்து தெரியும், இல்லையா? தணல்மேல் சூடான காற்று கனம் குறைந்து எழும்ப, குளிர்ந்த காற்று உள்ளே புகுகிறது. இரண்டும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. அதனால் வரும் நெளிவு அது.

சரி, பாகுநிலைக்கு வருவோம். நகரும் ஓர் அடுக்கைப் பக்கத்து அடுக்கு எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதுதான் அது. எண்ணெயின் மூலக்கூறுகள் நெருங்கி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இருப்பவை. சூடு அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. காற்றிலோ அவை விலகி விலகிப் பறக்கின்றன, தளர்த்துவதற்குப் பிடியே கிடையாது. தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் பக்கம் பக்கமாக இரண்டு வரிசை போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக. ஆட்கள் வரிசை மாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மெதுவான வரிசை முன்னே தள்ளப்படும், வேகமான வரிசை தடைபடும். சூடு ஏற ஏற மூலக்கூறுகள் இன்னும் விரைந்து அடுக்கு மாறுகின்றன, இழுப்பும் கூடுகிறது. 0 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் சுமார் 11 சதவீதம் கூடும்.

1860களில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் லண்டனில் தன் வீட்டு மேல்மாடி அறையிலேயே இதை அளந்தார். நெருப்பைக் கூட்டிக் குறைத்து அறையின் சூட்டைக் கவனித்துக்கொண்டவர் அவர் மனைவி கேத்தரின். அவர் பெயரையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும்.

அவர்கள் கண்ட இன்னொன்று எனக்கு இன்றும் வியப்பு. அழுத்தம் குறைந்தாலும் பாகுநிலை மாறுவதில்லை. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரம், அங்கே காற்று நம்மூரைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிவு. ஆனாலும் வெப்பநிலை ஒன்றாக இருந்தால் இரண்டு ஊரிலும் பாகுநிலை ஒன்றுதான். மேலே வரிசை மாற ஆட்கள் குறைவு, ஆனால் ஒவ்வொருவரும் மோதாமல் அதிக தூரத்திலிருந்து வந்து சேர்கிறார்கள்.