பாட்டுக்காரர் அமைச்சரானபோது

அவையோருக்கு வணக்கம்.

இசைக்கலைஞர்கள் அரசியலுக்கு வருவது புதிதல்ல. பெரும்பாலும் புகழைத்தான் முதலீடாகக் கொண்டுவருவார்கள். பாட்டிலிருந்து கற்றதையே கையோடு கொண்டுவந்து ஓர் அமைச்சகத்தை நடத்தியவர் என்று எனக்குத் தோன்றுகிறவர் பிரேசிலின் ஜில்பெர்டோ ஜில். இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1942-இல் பாஹியா மாநிலத்தின் சால்வடோரில் பிறந்தார். அப்பா மருத்துவர், அம்மா ஆசிரியை. வளர்ந்தது இடுவாசு என்ற சிற்றூரில். வானொலியில் அக்கார்டியன் வாசித்துப் பாடும் லூயிஸ் கொன்சாகாவைக் கேட்டுக் கேட்டு முதலில் பிடித்தது அக்கார்டியன். கிட்டார் அப்புறம்தான் வந்தது. நிர்வாகவியல் படித்தார், சாவோ பாவ்லோவில் ஒரு கம்பெனி வேலைக்கும் போனார். பாட்டு விடவில்லை, வேலையை விட்டார்.

1967-68-இல் பாடகர் கயேட்டானோ வெலோசோவும் இவரும் மற்ற நண்பர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் ட்ரொபிக்காலியா என்ற இசை இயக்கம். நாட்டுப்புறத் தாளத்தோடு மின்கிட்டாரைச் சேர்த்தார்கள். இடதுசாரி மாணவர்கள் பலருக்கே அது பிடிக்கவில்லை. அப்போது நாட்டை ஆண்ட ராணுவ ஆட்சிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 1968 டிசம்பரில் ஜில், வெலோசோ இருவரையும் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு என்று ஒன்றும் இல்லை. சிறையில் ஒரு சார்ஜென்ட் கிட்டார் கொடுத்து உதவ, ஜில் அங்கேயே பாட்டு எழுதினார். அவற்றில் ஒன்று கணினியைப் பற்றியது! கம்பிக்குப் பின்னால் இருபத்தாறு வயதில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், எல்லாம் செய்யவல்ல இயந்திரத்தையும் சாகப்போகும் மனிதனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பிறகு நாடுகடத்தல். லண்டனில் இருந்துவிட்டு 1972-இல் திரும்பினார்.

நேரே அமைச்சர் நாற்காலிக்கு வந்தவர் அல்ல. எண்பதுகளின் இறுதியில் சால்வடோர் நகரத்தின் பண்பாட்டுப் பொறுப்பை ஏற்றார். 1988 தேர்தலில் ஜெயித்து நகர மன்ற உறுப்பினராக இருந்தார். 2003 ஜனவரியில் அதிபர் லூலா அழைத்துப் பண்பாட்டு அமைச்சராக்கியபோது வயது அறுபது. பெலேவைப் போல அந்நாட்டில் அமைச்சரான மிகச் சில கறுப்பினத்தவர்களில் அவர் ஒருவர். பாதிக்கு மேற்பட்ட மக்கள் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவருமாக இருக்கும் நாட்டில் நிலைமை அப்படி.

பதவியேற்பு உரையில் அவர் சொன்ன கருத்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. விரலால் உடம்பின் புள்ளிகளை அழுத்தி உயிர்ப்பூட்டும் கிழக்காசிய மருத்துவம் இருக்கிறதல்லவா, அரசு நாட்டின் பண்பாட்டை அப்படித் தொட வேண்டும் என்றார். அதாவது பண்பாட்டை அரசு உண்டாக்க வேண்டாம். அது ஏற்கெனவே இருக்கிறது. சந்தைப் பாட்டையும் தெருத் தாளத்தையும் கேட்டு வளர்ந்தவருக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2004-இல் அதுவே 'பண்பாட்டுப் புள்ளிகள்' என்ற திட்டமானது. அதை வடிவமைத்ததில் அமைச்சக அதிகாரி செலியோ டுரினோவுக்குப் பெரிய பங்குண்டு. சேரிகளிலும் கிராமங்களிலும் பழங்குடி ஊர்களிலும் ஏற்கெனவே ஆடிப் பாடிக்கொண்டிருந்த குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பணம் தவணைகளாகப் போனது. கூடவே கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் தடையின்றிப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள், போட்ட கணினியும் ஒலி, ஒளிப்பதிவுக் கருவிகளும் போயின. எந்தப் பாட்டைப் பதிவது என்று தலைநகரம் சொல்லவில்லை. மேளம் அடிக்கிறவரே மைக்கை வைத்தார், அவரே கணினியில் வெட்டி ஒட்டினார். சிறையில் எழுதிய அந்தப் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

2003 செப்டம்பர் 19 மாலையைச் சொல்லாமல் நகர முடியாது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால் பாக்தாத் குண்டுவெடிப்பில் ஈராக்கில் ஐ.நா. தூதராக இருந்த பிரேசில்காரரான செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோவும் ஐ.நா. ஊழியர்கள் பலரும் இறந்திருந்தார்கள். அவர்கள் நினைவாக ஐ.நா. பொதுச்சபை மண்டபத்திலேயே ஜில் பாடினார். கடைசியில் பொதுச்செயலாளர் கோஃபி அன்னானை மேடைக்கு அழைத்து மேளத்தின் முன் நிறுத்தினார். அன்னானும் கூச்சப்படாமல் தட்டினார். துக்கத்துக்காகக் கூடியவர்கள் எழுந்து ஆடினார்கள். துக்கத்தை அப்படியும் சுமக்கலாம் என்று ஒரு பாட்டுக்கார அமைச்சருக்குத்தான் தெரிந்திருந்தது.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். திரைப்படம், தொலைக்காட்சித் துறைகளை ஒழுங்குபடுத்த அவர் அமைச்சகம் கொண்டுவந்த சட்ட வரைவு கடும் எதிர்ப்பில் கிடப்பில் போனது. அமைச்சராக இருந்துகொண்டே கச்சேரி செய்ததையும் விமர்சித்தார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. பாட்டை நிறுத்தியிருந்தால் அவர் வெறும் கோப்பு பார்ப்பவராகியிருப்பார்.

2008 ஜூலையில் பதவி விலகி இசைக்கே திரும்பினார். பண்பாட்டுப் புள்ளிகள் அவரோடு போகவில்லை. ஆறு ஆண்டு கழித்து, 2014-இல், பிரேசில் அதைத் தனிச் சட்டமாகவே இயற்றியது.