கடன் பத்திரத்துக்கு 'ஆம்' போட்டால் என் வீட்டு வரி ஏறுமா?

அடுத்த கேள்வி கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருக்கிறது. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுவது புரிகிறது. ஆனால் மாநில அரசு இத்தனை கோடி டாலர் கடன் வாங்கலாமா என்று என்னிடம் ஏன் கேட்கிறார்கள்? 'ஆம்' போட்டால் என் வீட்டு வரி ஏறுமா?"

உங்களைத் தூங்கவிடாதது அந்த இரண்டாவது கேள்விதான் என்று தெரிகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாநிலக் கடன் பத்திரம் என்றால் வீட்டு வரி ஏறாது. அந்தக் கடனை மாநிலத்தின் பொதுநிதியிலிருந்து அடைப்பார்கள். உள்ளூர்ப் பத்திரம், அதாவது நகராட்சி, கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), பள்ளி நிர்வாகம் கேட்கும் கடன் என்றால் பெரும்பாலும் ஏறும். இரண்டும் ஒரே வாக்குச்சீட்டில் வருவதுதான் தொல்லை.

மாநிலப் பத்திரத்தில் வரி ஏறாது என்றவுடன் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். மக்கள் ஓட்டுக்கு விடும் இப்படிப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் 'முன்மொழிவு' என்று பெயர், அதற்கு ஒரு எண்ணும் உண்டு. 2024 நவம்பரில் வந்த முன்மொழிவு 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர், காட்டுத்தீ தடுப்பு, கடலோரப் பாதுகாப்பு போன்ற வேலைகளுக்கு 1,000 கோடி டாலர். மக்கள் 'ஆம்' என்றார்கள். அதை அடைக்க ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டாலர் வீதம் 40 ஆண்டுகள் ஆகும் என்று சட்டமன்றத்தின் நிதி ஆய்வாளர் அலுவலகம் கணக்குப் போட்டிருந்தது. பெருக்கிப் பாருங்கள், 1,600 கோடி. அதே நாளில் பள்ளிக் கட்டடங்களுக்காக வந்த முன்மொழிவு 2-ம் 1,000 கோடிதான். அதற்கு ஆண்டுக்கு 50 கோடி, 35 ஆண்டுகள். இந்தத் தவணைகள் பொதுநிதியில் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும். வருமானம் குறைந்த ஆண்டில் மற்ற செலவுகளைக் குறைக்கலாம், தவணையைக் குறைக்க முடியாது.

உங்களிடம் ஏன் கேட்கிறார்கள்? அரசியல் சட்டம் அப்படி. 1849-இல் எழுதிய முதல் அரசியல் சட்டத்திலேயே, மூன்று லட்சம் டாலருக்கு மேல் கடன் என்றால் மக்களைக் கேட்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அந்தத் தொகையை இன்றுவரை மாற்றவில்லை. இன்று அந்தப் பணத்துக்கு சான் ஹோசேயில் ஒரு நல்ல வீடு கிடைக்காது. நடைமுறை இதுதான்: சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், ஆளுநர் கையெழுத்து வேண்டும், பிறகு மக்களிடம் பாதிக்கு மேல் 'ஆம்' விழ வேண்டும். நம் ஊரில் தமிழக அரசின் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி ஏலம் விடுகிறது. நம்மை யாரும் கேட்டதில்லை. அதனால்தான் உங்களுக்கு இது விசித்திரமாகத் தெரிகிறது.

உள்ளூர்ப் பத்திரத்துக்கு வருகிறேன். நகராட்சியோ கவுண்டியோ கேட்டால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பள்ளிகளுக்கு மட்டும் 2000-இல் வந்த முன்மொழிவு 39 அதை 55 சதவீதமாகக் குறைத்தது. வீட்டு வசதிக்கும் உள்கட்டமைப்புக்கும் அதேபோல் குறைக்கலாமா என்று 2024-இல் கேட்டார்கள், மக்கள் மறுத்துவிட்டார்கள். சொத்தின் மதிப்பில் ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் வரி எவ்வளவு கூடும் என்று உள்ளூர்ப் பத்திரத்துடன் வரும் தாளில் எழுதியிருக்கும். உங்கள் வீட்டுக் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

2020 மார்ச்சில் ஒரு வேடிக்கை நடந்தது. பள்ளிகளுக்கு 1,500 கோடி டாலர் கேட்ட பத்திரத்துக்கு 13 என்று எண் விழுந்தது. அந்த மாநிலத்தில் 13 என்றாலே 1978-இல் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்ட சட்டம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அதில் கைவைக்கிறார்கள் என்று பலர் குழம்பினார்கள். பத்திரம் தோற்றது. எண் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்கள் இன்னும் அதிகமாகக் கடன் வாங்க அதில் வழி இருந்தது, அதையும் எதிர்த்தவர்கள் சொன்னார்கள்.

சரி, எதைப் பார்த்து முடிவு செய்வது? நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: வாங்கும் பொருள் கடனைவிட நீண்ட நாள் உழைக்குமா? வீடு கட்டக் கடன் வாங்குவது வேறு, விருந்து வைக்க நகையை அடகு வைப்பது வேறு. 1960-இல் மாநிலத் தண்ணீர்த் திட்டத்துக்கு 175 கோடி டாலர் கேட்டார்கள். வடக்கே கடும் எதிர்ப்பு, தெற்கே ஆதரவு, மயிரிழையில் தேறியது. ஓரோவில் அணையும் தெற்கே போகும் கால்வாயும் அந்தப் பணத்தில் வந்தவை. இன்றும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குழாயைத் திறப்பவர்கள் அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறு 2008. அதிவேக ரயிலுக்காக 995 கோடி டாலர் பத்திரத்துக்கு மக்கள் 'ஆம்' என்றார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை சுமார் 3,300 கோடியில் முடியும், 2020-இல் ஓடும் என்றார்கள். 2020 வந்து போனது, ரயில் வரவில்லை. மதிப்பீடு 10,000 கோடியைத் தாண்டிவிட்டது. ரயில் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பணத்துக்கு அனுமதி கேட்டார்கள், மீதி எங்கிருந்து வரும் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. அங்கேதான் வாக்காளர் கண் வைத்திருக்க வேண்டும்.

அதனால் சகோதரி, தொலைக்காட்சி விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, மாநிலம் அனுப்பும் வாக்காளர் கையேட்டில் நிதி ஆய்வாளர் எழுதிய பக்கத்தைப் படியுங்கள். ஆதரவும் எதிர்ப்பும் பேசும் பக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்படியும் ஒன்று பிடிபடவில்லையா? அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். மற்ற ஓட்டுகள் செல்லும். உறையில் கையெழுத்துப் போட மட்டும் மறந்துவிடாதீர்கள்.