பவுலானரை வாழவைத்தது வியாபாரமே!

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் பேராசிரியர் ஐயா அவர்களே, அவர் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிய எதிரணித் தங்கை அவர்களே, சபையோரே, வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 'மியூனிக் நகரத்துப் பவுலானர் பீர் ஆலையை வாழவைத்தது துறவா, வியாபாரமா?' குடிப்பது நல்லதா கெட்டதா என்பது இன்றைய வழக்கு இல்லை. அதற்கு வேறொரு நாள், வேறொரு நடுவர். வீட்டில் கேட்டால் ஜெர்மனி வரலாறு பேசிவிட்டு வந்தேன் என்றுதான் நானும் சொல்லப்போகிறேன்.

பேராசிரியர் ஐயா உருக்கமாகப் பேசினார். இத்தாலியில் கலாப்ரியாப் பக்கம் பவோலா என்ற ஊரில் பிறந்த புனித பிரான்சிஸ், அவர் தொடங்கிய சபை (பவோலா என்ற ஊர்ப்பெயரால்தான் அந்தச் சபையாருக்குப் பவுலானர் என்று பெயர்), இறைச்சி, முட்டை, பால் எதையும் ஆயுளுக்கும் தொடமாட்டோம் என்று அந்தச் சபையார் எடுத்த விரதம். எல்லாம் உண்மை. ஊருக்கெல்லாம் தவக்காலம் 40 நாள் என்றால் இவர்களுக்கு வருடம் பூராவும் தவக்காலம். நீராகாரம் நோன்பை முறிக்காது என்பது அந்தக் கால வழக்கு. அதனால் வயிற்றுக்குத் தாங்கும்படி நல்ல கெட்டியான பீராகக் காய்ச்சினார்கள். மறுக்கவே இல்லை. ஆனால் ஐயா, பெற்றது யார் என்று தலைப்பு கேட்கவில்லையே! வாழவைத்தது யார் என்றல்லவா கேட்கிறது?

ஐயா ஒரு காகிதத்தை மட்டும் வசதியாக மறந்துவிட்டார். நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

இந்த ஆலை தன் பிறந்த வருடமாக 1634ஐப் போட்டுக்கொள்கிறது. துறவிகள் மியூனிக்கை ஒட்டியிருந்த நொய்டெக் மடத்துக்கு வந்ததோ 1627ல். அப்படியென்றால் 1634ல் என்ன விசேஷம்? முதல் கொப்பரையை அடுப்பில் ஏற்றினார்களா? ஆயர் வந்து ஆசீர்வதித்தாரா? இல்லை. அந்த வருடம் பிப்ரவரி 24ஆம் தேதி, மியூனிக் நகரத்துப் பீர் வியாபாரிகள் சேர்ந்து நகர நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். மடத்துக்காரர்கள் பீர் விற்கிறார்கள், எங்கள் பிழைப்பில் மண் விழுகிறது, தடுத்து நிறுத்துங்கள் என்பது சாரம். பவுலானர் பீரைப் பற்றிக் கிடைத்திருக்கிற முதல் எழுத்து அதுதான். உலகத்தில் எத்தனையோ நிறுவனங்கள் உண்டு. போட்டிக்காரன் கொடுத்த புகாரையே பிறப்புச் சான்றிதழாக மாட்டிவைத்திருக்கிற நிறுவனம் எத்தனை இருக்கும், நடுவர் அவர்களே?

காலத்தையும் பாருங்கள். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. 1632ல்தான் சுவீடன் படை மியூனிக்குக்குள் புகுந்து பெருந்தொகையைக் கறந்துகொண்டு போனது. ஊரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் மடத்துப் பீருக்கு ஆள் போகிறது என்றால் வயிறு எரியாதா? துறவிகள் தாங்கள் காய்ச்சியதைத் தாங்களே குடித்துவிட்டு ஜெபம் பண்ணிக்கொண்டு இருந்திருந்தால் யார் மனு போடப்போகிறார்கள்? ஆக, துறவிகள் இருந்த காலத்திலேயே அந்தப் பீரை ஊருக்குக் காட்டியது விற்பனைதான். பிறகு 1780ல் கார்ல் தியோடர் என்ற ஆட்சியாளரிடம் தாராளமாக விற்கும் உரிமையையும் வாங்கிக்கொண்டார்கள். நோன்புக்கு எதற்கய்யா விற்பனை உரிமை?

தங்கை, சகோதரர் பர்னபாஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1770களில் மடத்துப் பீர் வேலையை ஏற்று, சால்வேட்டர் என்ற கடும் பீரைச் செப்பம் செய்தவர். தொழில் தெரிந்த மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் 1799ல் மடத்தைக் கலைத்துவிட்டார்களே அம்மா! துறவிகள் போய்விட்டார்கள். துறவுதான் வாழவைத்தது என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. காரணம் ஃப்ரான்ஸ் சேவர் ட்சாகெர்ல். துறவி கிடையாது, தொழில்காரர். 1806ல் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். 1813ல் சொந்தமாகவே வாங்கினார். பேர்பெற்ற சரக்கு கையில் இருக்கிறது, விற்றால் போதும் என்று நாம் நினைப்போம். அவ்வளவு சுலபமாக இல்லை. மடத்துக்கு இருந்த சலுகை மடத்தோடு போயிற்று. உனக்கு எந்த உரிமையில் இந்தக் கடும் பீர் என்று அதிகாரிகள் மறித்தார்கள். மனிதர் விடவில்லை. வருடக்கணக்காக மல்லுக்கட்டினார். கடைசியில் 1837ல் பவேரிய மன்னர் முதலாம் லூட்விக் தலையிட்டு அனுமதி கொடுத்தார். (மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் பீர்த் திருவிழா தொடங்கியதே இந்த லூட்விக்கின் கல்யாணத்தில்தான், 1810ல். அவரிடம் போய் பீருக்கு நியாயம் கேட்டால் கிடைக்காமலா போகும்?) பர்னபாஸ் செய்முறை பர்னபாஸோடு போகாமல் இருந்ததற்கு இந்த ஒரு மனிதரின் பிடிவாதம்தான் காரணம்.

அப்புறம், போப்பாண்டவர் கதையைச் சொல்லி எதிரணி கைதட்டல் வாங்கியது. துறவிகள் ரோமுக்கு ஒரு பீப்பாய் அனுப்பினார்களாம். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வெயிலில் உருண்டு போய்ச் சேர்ந்ததற்குள் பீர் கெட்டுவிட்டதாம். போப் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்து, இதைக் குடிப்பதே ஒரு தவம், தாராளமாகக் குடியுங்கள் என்றாராம். நல்ல கதை. ஆவணம் கிடையாது, கதைதான். சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து என்ன தெரிகிறது? துறவிகள் கையில் இருந்தவரை அந்தப் பீர் ரோம் வரைக்கும்கூட உருப்படியாகப் போகவில்லை!

அது கெடாமல் ஊர் தாண்டியது எப்போது? மியூனிக் இருக்கும் பவேரியாவில் 1553லிருந்தே ஒரு சட்டம் இருந்தது: செப்டம்பர் 29க்கும் ஏப்ரல் 23க்கும் நடுவில்தான் பீர் காய்ச்சலாம். கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகும். பனிக்கட்டியை வெட்டிவந்து நிலவறையில் அடுக்கிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு கார்ல் லிண்டே என்ற பொறியாளர் குளிரூட்டும் இயந்திரம் செய்தார். அந்த ஆராய்ச்சிக்கு இடமும் பணமும் கொடுத்தவர்கள் மியூனிக்கின் பீர் முதலாளிகள். 1880களில் பவுலானர் ஆலைக்கும் அந்த இயந்திரம் வந்துவிட்டது. இன்றைக்கு அந்தப் பீர் கடல் கடந்து போகிறது என்றால் அது ஜெபத்தாலா, இயந்திரத்தாலா?

பெயரையும் பார்ப்போம். சால்வேட்டர் நன்றாக விற்பதைப் பார்த்து ஊரிலிருந்த மற்ற ஆலைகளும் தங்கள் கடும் பீருக்கு அதே பெயரை வைத்தன. கேட்பாரில்லை. 1896ல் பவுலானர்காரர்கள் அதை வணிக முத்திரையாகப் பதிவு செய்தார்கள். மற்றவர்கள் செலிப்ரேட்டர், அனிமேட்டர், ட்ரையம்ஃபேட்டர் என்று வால் மட்டும் ஒட்டிய பெயர்களுக்கு ஓட வேண்டியதாயிற்று. துறவி என்ன சொல்லுவார்? 'பெயரில் என்ன இருக்கிறது, எடுத்துக்கொள் மகனே' என்பார். வியாபாரி மட்டும்தான் வழக்கறிஞரைப் பார்ப்பான்.

'பாட்டிலைப் பாருங்கள், துறவி படம்தானே இருக்கிறது' என்றார் தங்கை. பார்த்தேன். ஆலையின் சின்னத்தில் புனித பிரான்சிஸின் முகம். சால்வேட்டர் பாட்டிலில், துறவி ஒருவர் ஆட்சியாளருக்குக் குவளையை நீட்டும் காட்சி. ஒட்டியது யார் அம்மா? தன் படத்தைத் தானே பாட்டிலில் ஒட்டிக்கொள்ள நினைத்த துறவி உண்டா? துறவியையே விளம்பரமாக்கத் தெரிந்தவன் வியாபாரி. வருடா வருடம் தவக்காலத்தில் அந்த ஆலை நொக்கர்பெர்க் மேட்டில் கடும் பீர் விழா நடத்துகிறது. அமைச்சர்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்து, அவர்கள் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்வார்கள், டிவியில் காட்டுவார்கள். பல வருடங்கள் அந்த மேடையில் துறவி அங்கியோடு பர்னபாஸாக நின்று வெளுத்து வாங்கியவர்கள் யார்? நடிகர்கள்!

'ஆண்டெக்ஸ் மடத்தில் இன்றைக்கும் துறவிகள்தானே பீர் ஆலையை நடத்துகிறார்கள்' என்று ஐயா கடைசியாக ஓர் அம்பு விட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மடத்தையும் 1803ல் அரசு பறித்துக்கொண்டது. பிற்பாடு அதே லூட்விக் விலைக்கு வாங்கித்தான் பெனடிக்ட் சபையாருக்குக் கொடுத்தார். அங்கேயும் பணம் பேசியிருக்கிறது. மடங்களில் பிறந்த மற்ற பீர் ஆலைகளையும் பாருங்கள். அகஸ்டினர் ஆலை 1829ல் வாக்னர் குடும்பத்தின் கைக்குப் போனது. வைஹென்ஸ்டெஃபான் அரசாங்கத்தின் கைக்குப் போனது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எனக்கு அடுத்துப் பேச வருகிறவர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். நொய்டெக்கில் அந்தத் துறவிகள் இரண்டு சொத்து வைத்திருந்தார்கள்: ஒன்று மடம், இன்னொன்று பீர் ஆலை. அதே துறவிகள், அதே விரதம், அதே வருடத்தில் இரண்டும் கைவிட்டுப் போயின. ஆலைக்கு ஒரு ட்சாகெர்ல் கிடைத்தார், அது இன்னும் ஓடுகிறது. மடத்துக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. அதைச் சிறைச்சாலை ஆக்கிவிட்டார்கள். துறவுதான் வாழவைத்தது என்றால், அது மடத்தை ஏன் வாழவைக்கவில்லை?