யாரென்று தெரியாதவருக்கு எதற்கு விசுவாசம்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"கட்சி வேட்பாளர் ஆக ஆசைப்படுகிறவர்களிடம், 'நான் தோற்றாலும் ஜெயித்தவரை ஆதரிப்பேன்' என்று முதலிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும், அதுதான் கட்சியைக் காக்கும்" என்று எதிரணித் தலைவர் முழங்கினார். செஞ்சோற்றுக் கடன் என்றார். கும்பகர்ணனை மேடைக்கே கூட்டிவந்தார். கைதட்டலும் வாங்கினார்.

ஐயா, கும்பகர்ணனுக்கு ராவணன் யாரென்று தெரியும்! கூடப் பிறந்தவன். "நீ செய்தது தப்பு, சீதையை விட்டுவிடு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் களத்துக்குப் போனான். 2015இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சி நீட்டிய தாளில் என்ன இருந்தது தெரியுமா? ஜெயிக்கிறவர் யாராக இருந்தாலும் அவரை ஆதரிப்பேன், சுயேச்சையாக நிற்க மாட்டேன். அவ்வளவுதான். 2016 அதிபர் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளர் ஆக 17 பேர் மோதிய போட்டி அது. ராவணன் யாரென்றே முடிவாகவில்லை, அதற்குள் கும்பகர்ணனிடம் கையெழுத்து!

அந்தத் தாள் ஏன் வந்தது? 2015 ஆகஸ்ட் 6, கிளீவ்லாந்து. முதல் விவாத மேடையில் பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். "கட்சி வேட்பாளரை ஆதரிப்பேன் என்று உறுதி சொல்ல முடியாதவர்கள் கை தூக்குங்கள்" என்கிறார் நெறியாளர். ஒரே ஒரு கை உயர்ந்தது. டொனால்டு டிரம்பின் கை. கட்சிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கட்சியின் தேசியத் தலைவர் ரைன்ஸ் பிரீபஸ் நியூயார்க்கில் டிரம்ப் கோபுரத்துக்கே போய்ப் பார்த்தார். செப்டம்பர் 3 அன்று கையெழுத்து விழுந்தது. டிரம்ப் அந்தத் தாளைக் கேமராக்களுக்கு முன் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

ஏழு மாதம்கூடத் தாங்கவில்லை. 2016 மார்ச் 29, மில்வாக்கியில் தொலைக்காட்சி நிகழ்ச்சி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு இன்னும் நிற்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, இனிமேல் இல்லை என்றார் டிரம்ப். அதே மேடையில் சக போட்டியாளர்கள் டெட் குரூஸும் ஜான் கேசிக்கும் பிடிகொடுக்காமல் மெல்ல நழுவினார்கள். வழக்கு உண்டா, அபராதம் உண்டா? அந்தத் தாளுக்குச் சட்ட வலுவே கிடையாது!

குரூஸ் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். டிரம்ப் அவருடைய மனைவியின் தோற்றத்தைக் கேலி செய்தார். அப்பாவைக் கென்னடி கொலையாளியோடு முடிச்சுப்போட்டுப் பேசினார். ஜூலையில் கட்சி மாநாடு. மேடையேறிய குரூஸ், "மனசாட்சிப்படி வாக்களியுங்கள்" என்றார். டிரம்பை ஆதரிக்கிறேன் என்ற ஒரு வார்த்தை வரவில்லை. அரங்கமே கூச்சல் போட்டு அவரை இறக்கியது. மறுநாள் காலை அவருடைய மாநிலமான டெக்சாஸின் பிரதிநிதிகள், அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கை நினைவூட்டினார்கள். என் மனைவியையும் அப்பாவையும் தாக்கியவரை ஆதரிக்கும் பழக்கம் எனக்கில்லை என்றார் குரூஸ். இரண்டே மாதத்தில் அதே டிரம்பை ஆதரித்தார், அது வேறு கதை. குரூஸுக்கு வக்காலத்து வாங்க நான் இங்கே வரவில்லை. நான் கேட்பது இதுதான்: இருவரும் வாக்குத் தவறியவர்கள். ஒருவருக்கு வேட்பாளர் பதவி, இன்னொருவருக்குக் கூச்சல். இதுவா கட்சிக் கட்டுப்பாடு? கூச்சமுள்ளவனைத்தானே இந்தத் தாள் கட்டுகிறது!

எதிரணியில் 1912ஐச் சொன்னார்கள். நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், இதே குடியரசுக் கட்சியில் வேட்பாளராகும் வாய்ப்புக் கிடைக்காமல் தனிக்கட்சி கண்டார். அவருக்கு 27 சதவீதம், கட்சி வேட்பாளர் டாஃப்டுக்கு 23. ஓட்டு பிரிந்து, 42 சதவீதத்தோடு ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் அதிபரானார். ஆனால் ஏழு வருஷம் நாட்டை ஆண்ட மனிதரை ஒரு துண்டுத் தாள் தடுத்திருக்கும் என்றா நம்புகிறீர்கள்? இன்றைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் உட்கட்சித் தேர்தலில் தோற்றவர் அதே வருஷம் வேறு வழியாக வாக்குச்சீட்டில் ஏற முடியாதபடி சட்டமே இருக்கிறது. அதிபர் போட்டிக்கும் அது பொருந்துமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதை அடைத்துவிடுங்கள். தடுக்கிற வேலையைச் சட்டம் செய்யட்டும், சத்தியம் எதற்கு?

பட்டும் புத்தி வரவில்லை. 2023இல் மறுபடியும் அதே தாள். கையெழுத்துப் போட்டால்தான் விவாத மேடை. போட்டியில் இறங்கிய கிறிஸ் கிறிஸ்டி போட்டார். 2016இல் டிரம்ப் மதித்த அளவுக்கு நானும் மதிப்பேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போட்டார். இன்னொரு போட்டியாளர் நிக்கி ஹேலியும் போட்டார். 2024 மார்ச்சில் அது இனி என்னைக் கட்டாது என்றார். மே மாதம் டிரம்புக்குத்தான் என் ஓட்டு என்றார். டிரம்ப்? கையெழுத்தும் போடவில்லை, விவாதத்துக்கும் வரவில்லை.

அந்த விவாதம் நடந்தது எங்கே? மறுபடியும் மில்வாக்கி. 2023 ஆகஸ்டில் ஃபைசர்வ் அரங்கில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். 2024 ஜூலையில் அதே அரங்கில்தான் கட்சி மாநாடு. அங்கே அதிபர் வேட்பாளராக மாலை சூட்டப்பட்டவர், தாளைத் தொடாத அந்த ஒருவர். இந்தத் தாள் கட்சியை எவரிடமிருந்து காத்தது என்று எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் சொல்லட்டும் நடுவர் அவர்களே, உட்கார்ந்து கேட்கிறேன்.