ஆடி அமாவாசை: பூட்டன்ர பேர் தெரியுமோ?

[காட்சி: யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணி, விடியற்காலை. படிகளில் ஈர வேட்டியோடு ஆட்கள். கரையில் ஐயர்மார் தர்ப்பையும் எள்ளும் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.]

"அப்பாவின்ர பேர் சொல்லுங்கோ," என்பார் ஐயர். உடனே சொல்லுவார்கள்.

"அப்பப்பாவின்ர?" அதுவும் வந்துவிடும்.

"பூட்டன்ர பேர்?"

இந்த இடத்தில்தான் ஆள் தடுமாறும். பின்னால் திரும்பி, படியில் நிற்கிற சித்தப்பாவையோ பெரிய மாமியையோ பார்க்கும். அங்கிருந்து பெயர் வரும். சிலவேளை இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்லி, கரையிலேயே சின்ன வாக்குவாதமும் நடக்கும். கோத்திரம் கேட்டால் மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை. "சிவகோத்திரம்" என்று சொல்லி முடித்துவிடுவோம்.

ஆடி அமாவாசை யாழ்ப்பாணத்தில் தகப்பனை இழந்தவர்களின் விரதம். தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. அப்பா இருக்கிறவர்கள் இந்த விரதம் பிடிப்பதில்லை.

[காட்சி: கடக ராசிப் படம். சூரியனும் சந்திரனும் ஒரே கட்டத்துக்குள் வருகின்றன.]

ஏன் ஆடி? அமாவாசை என்றாலே சூரியனும் சந்திரனும் ஒரே ராசியில் சேருகிற நாள். ஆடியில் அந்த ராசி கடகம், அது சந்திரனின் சொந்த வீடு. சோதிடத்தில் சூரியன் பிதிர்காரகன், அதாவது அப்பாவைக் குறிப்பவன்; சந்திரன் மாதுர்காரகன், அம்மாவைக் குறிப்பவன். எனக்கு விளங்கின மாதிரிச் சொன்னால், அப்பா அம்மாவின் வீட்டுக்கு வருகிற நாள். தட்சிணாயனத்தில், அதாவது சூரியன் தெற்குப் பக்கம் போகிற ஆறு மாதத்தில், வருகிற முதல் அமாவாசையும் இதுதான்.

தேதி நிலையாக இராது. 2024இல் ஆகஸ்ட் 4, 2025இல் ஜூலை 24. 2023இல் ஆடி மாதத்துக்குள்ளேயே இரண்டு அமாவாசை வந்து, எதைப் பிடிப்பது என்று ஊரெல்லாம் பஞ்சாங்கத்தைப் புரட்டியது.

[காட்சி: கேணியின் மதில். அதற்கு அப்பால் கடல்.]

யாழ் நகரில் இருந்து காங்கேசன்துறைப் பக்கமாக வந்தால் கீரிமலை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கடல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, கேணியில் நன்னீர் ஊறுகிறது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதன் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, நிலத்துக்குக் கீழேயே ஓடி, கரையில் ஊற்றாக வருகிறது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் தீர்த்தமும் இதே நாளில் இங்கேதான் நடக்கும். கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். மட்டக்களப்பார் அன்றைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்குப் போவார்கள்.

1990இல் போரால், கீரிமலை இருக்கிற வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபின், அங்கே நினைத்தபடி போய்வர முடியாத காலம் பல வருடம் நீடித்தது. என் அப்பா அந்த வருடங்களில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் முழுகிவிட்டு, பக்கத்துக் கோயிலில் எள்ளுந் தண்ணியும் இறைத்தார். மூன்று பெயரையும் அவர் உரத்துச் சொல்லுவார். எனக்குப் பூட்டன் பெயர் தெரிந்ததே அப்படித்தான்.

[காட்சி: சமையலறை. சுளகில் பச்சையாகச் சின்னச் சின்னக் காய்கள்.]

இனிச் சாப்பாடு. இதில்தான் யாழ்ப்பாணத்தின் தனிச்சரக்கு இருக்கிறது: காத்தோட்டிக்காய். வேலியிலும் பற்றையிலும் படருகிற முள்ளுக்கொடியின் காய். தமிழ்நாட்டில் ஆதொண்டை என்பார்கள். மற்ற நாளில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத இந்தக் காய், விரதத்துக்கு முந்தின நாள் சந்தையில் குவியும். விலையும் ஏறிவிடும்.

பாகற்காய்க் கைப்பு இதற்குக் கிட்டவும் வராது. எங்கள் வீட்டில் காயைப் பிளந்து, விதையைச் சுரண்டி எடுத்து, உப்பும் மஞ்சளும் பிரட்டிக் கொஞ்சநேரம் வைத்து, நல்லெண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரிப்பார்கள். அதன் பிறகும் கைக்கும். ஏன் இந்தக் காய் என்று மூன்று பெரியவர்களைக் கேட்டேன், மூன்று கதை கிடைத்தது. அதில் ஒன்றையும் நான் நம்பவில்லை, ஆனால் காயை விடவும் இல்லை.

[காட்சி: முற்றம். மதிலில் வாழையிலைத் துண்டு.]

காலையில் இருந்து ஒன்றும் தின்னாமல், மத்தியானம் படைத்து, காகத்துக்கு வைத்த பிறகு ஒருநேரச் சாப்பாடு. தனியாகச் சாப்பிடும் வழக்கம் இல்லை. பகையாக இருந்த ஒன்றுவிட்ட சகோதரங்கள்கூட அன்றைக்கு ஒரே பாயில் இருக்க வேண்டிவரும், இறந்தவர் இருவருக்கும் பொது என்பதால். சோறு, பூசணிக்காய், வாழைக்காய், வடை, பாயாசம். பேச்செல்லாம் அப்பாவைப் பற்றித்தான். அவர் சைக்கிளில் இருந்து விழுந்தது, கடன் வாங்கிக் காணி வாங்கினது, ஒருவருக்கும் சொல்லாமல் படம் பார்க்கப் போனது.

போன முறை என் மகன் காத்தோட்டிப் பொரியலைக் கடித்த கையோடு இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டான். அம்மா அவனை அதட்டப் பார்த்தா. "விடுங்கோ அம்மா," என்றேன். "அவனுக்கு இன்னும் விரதம் இல்லைத்தானே."

பிறகு அந்தத் துண்டை எடுத்து நானே சாப்பிட்டேன்.