ஆடிட் நாளும் மறுநாளும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். செக்கிங்கில் சேர்ந்து, பிறகு மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு ஆர்டரைப் பேசி முடித்து அனுப்பிவைக்கும் ஆள், ஆனேன். இப்போது ஊரெங்கும் பேசுகிறார்களே, நியாய வணிக உடை, அறம் சார்ந்த ஆடை என்று, அதாவது விளைத்தவரையும் தைத்தவரையும் ஏய்க்காமல் செய்த துணி என்று, அதைக் கேட்டாலே எனக்கு ஒரு கையுறைதான் ஞாபகம் வரும்.

துணி வாங்கும் வெளிநாட்டு கம்பெனி, அதாவது பையர் சார்பில், தொழிலாளர் பாதுகாப்பையும் வசதிகளையும் சோதிக்கும் ஆடிட் வருகிறது என்றால் முந்தின நாளே கம்பெனி கல்யாண வீடாகிவிடும். அவசர வழியை அடைத்துக் கிடந்த அட்டைப்பெட்டிகள் இடம் மாறும். முதலுதவிப் பெட்டிக்குப் புதுப் பஞ்சு வரும். கட்டிங் மாஸ்டர்கள் கையில், கத்தி விரலைப் பதம் பார்க்காமலிருக்க, இரும்பு வலைக் கையுறை ஏறும். மறுநாள் அது பீரோவுக்குள் போய்விடும். ஏண்ணா கழற்றிட்டீங்க என்று ஒரு மாஸ்டரிடம் கேட்டேன். “அதைப் போட்டா துணி கைக்குப் பிடிபடாது தம்பி. எனக்குப் பீஸ் ரேட்டு, எத்தனை பீஸோ அத்தனைக்குத்தான் கூலி. ரேட்டை ஏத்தித் தரச் சொல்லு, தூங்கும்போதுகூடப் போட்டுக்கிறேன்” என்றார்.

ரேட்டை ஏற்ற நான் யாரிடம் போவேன்? அதே வாரம் அதே பையரிடமிருந்து மெயில்: பீஸுக்கு ஐந்து சென்ட் குறைக்க முடியுமா? பையர் கம்பெனியில் கையுறையைக் கேட்கும் துறை வேறு, விலை பேசும் துறை வேறு. இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில், டாக்கா அருகே சாவரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. மேலே தைப்பவர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கிருந்த தொழிற்சாலைகளில் சிலவற்றுக்கு ஏற்கெனவே ஆடிட் நடந்திருந்தது என்பதுதான் என்னால் மறக்க முடியாத விஷயம். அடுத்த மாதமே பெரிய பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. மீறினால் பிராண்டையே சட்டப்படி கேள்வி கேட்கலாம். ஆடிட் ரிப்போர்ட்டில் அந்த வசதி கிடையாது.

அப்புறம் லேபிள்கள் பெருகின. ஃபேர்டிரேட் என்ற நியாய வணிக அமைப்பின் பருத்தி முத்திரை இருந்தால், பருத்தி விவசாயிக்குக் குறைந்தபட்ச விலையும் அதற்கு மேல் ஊர்ப் பொதுக் காரியத்துக்கு ஒரு தொகையும் போகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் சட்டையைத் தைத்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது அதில் இல்லை. நூற்பு முதல் தையல் வரைக்குமான ஃபேர்டிரேட்டின் தனி விதிமுறை 2016-ல்தான் வந்தது. எங்கள் ஊரில் ‘காட்ஸ்’ (GOTS) என்போமே, இயற்கை முறையில் விளைந்த பருத்தித் துணிக்கான அந்த ஆர்கானிக் சான்றிதழில் தொழிலாளர் விதிகளும் உண்டு. ஆனால் 2020-ல் இந்தியாவில் 20,000 டன் சாதாரணப் பருத்திக்கு அந்தப் பெயரில் போலிச் சான்றிதழ் கொடுத்திருந்தது பிடிபட்டது. பிடித்து வெளியே சொன்னது காட்ஸ் அமைப்பேதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நம்பிக்கை தந்தது வேறொன்று. ஓர் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்று விடாமல் போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு இரண்டுக்கும் எதிரானது. தொழிற்சாலை ஒப்பந்தத்தை மீறினால், துணி வாங்கும் பிராண்டு நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று அதில் எழுதினார்கள். தைக்கும் பெண்களில் சிலருக்கே பயிற்சி கொடுத்து, கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள்.

நான் பார்த்த ஆடிட்களில் தொழிலாளியை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள். கதவுக்கு வெளியே சூப்பர்வைசர் நிற்பார். “பிரச்சினை ஏதும் இருக்கா?” “இல்லீங்க சார்.” முடிந்தது. ஆடிட்டர் சாயங்காலமே கோயம்புத்தூர் போய் விமானத்தைப் பிடித்துவிடுவார். திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கண்காணிப்பாளராக வந்த பெண் அப்படியில்லை. மறுநாள் காலையிலும் அதே லைனில், பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார்.

நன்றி, வணக்கம்.